குவார்ட்ஸின் சேர்கோணம் 0-வா, 80-ஆ? கார்பன் சேமிப்பு பற்றி ஒரு சந்தேகம்

மணற்கல் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். எம்.டெக். செமினாருக்கு நிலத்தடி கார்பன் சேமிப்பில் பாறையின் நனைதிறன் (பாறையில் எந்தத் திரவம் ஒட்டிப் படரும் என்பது) என்ற தலைப்பை எடுத்திருக்கிறேன். படிக்கப் படிக்கக் குழப்பம்தான் கூடுகிறது.

அடிப்படை எல்லாம் பிளஸ் ஒன் இயற்பியலில் வந்த நுண்புழைச் சூத்திரம்தான். பூமிக்குள் செலுத்திய கார்பன் டை ஆக்சைடு மேலே வராமல் தடுக்கிற மூடுபாறையின் துளைகளில் ஏற்கெனவே உப்புநீர் நிறைந்திருக்கிறது. அதைத் தள்ளிக்கொண்டு கார்பன் டை ஆக்சைடு உள்ளே நுழைய ஓர் அழுத்தம் வேண்டும். இடைமுக இழுவிசையின் (இரண்டும் சந்திக்கிற பரப்பில் உள்ள இழுவிசை) இரு மடங்கைச் சேர்கோணத்தின் கொசைனால் பெருக்கி, துளையின் ஆரத்தால் வகுத்தால் அந்த நுழைவழுத்தம் வரும். சேர்கோணம் என்பது சொட்டின் விளிம்பு பாறையைத் தொடும் இடத்தில் உண்டாகும் கோணம். அதைத் தண்ணீரின் பக்கமாக அளக்கிறார்கள்; சிறிதாக இருந்தால் பாறைக்குத் தண்ணீரைப் பிடிக்கும் என்று அர்த்தம்.

ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன். இழுவிசை மீட்டருக்கு 28 மில்லிநியூட்டன், துளையின் ஆரம் 50 நானோமீட்டர், உப்புநீரின் அடர்த்தி கன மீட்டருக்கு 1050 கிலோ, கார்பன் டை ஆக்சைடின் அடர்த்தி 650 கிலோ. கோணம் 0 டிகிரி என்றால் நுழைவழுத்தம் 1.12 மெகாபாஸ்கல். அதாவது மூடுபாறைக்கு அடியில் 285 மீட்டர் உயரத்துக்குக் கார்பன் டை ஆக்சைடு நின்றாலும் தாங்கும். 60 டிகிரி என்றால் 143 மீட்டர். 85 டிகிரி என்றால் வெறும் 25 மீட்டர். 90-ஐத் தாண்டினால் பாறையே கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சிக்கொள்ள ஆரம்பிக்கும்.

இப்போது பிரச்சினை. மணலில் இருக்கிற சாதாரண குவார்ட்ஸ் கனிமத்துக்கே ஒரு கட்டுரை 0-வுக்குப் பக்கத்தில் சொல்கிறது, இன்னொன்று 70, 80 என்கிறது. அழுத்தமும் வெப்பநிலையும் ஏறக்குறைய ஒன்றுதான். எதை நம்பிச் செமினாரில் எழுதுவது?

கடலோடி

தம்பி, குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நான் பத்திரிகை படிக்கிற ஆள், அவ்வளவுதான். கரியமில வாயுவைப் பூமிக்குள் விட்டால் அது மேலே வராதா? அந்தக் கேள்விக்கு முதலில் யாராவது பதில் சொல்லுங்கள். கோணம் எல்லாம் அப்புறம்.

துளைப்பொறி

கடலோடி ஐயா, மேலே வரத்தான் பார்க்கும். 31 டிகிரிக்கும் 74 பார் அழுத்தத்துக்கும் மேலே போனால் கார்பன் டை ஆக்சைடு வாயுவும் இல்லை, திரவமும் இல்லை என்கிற மாறுநிலை தாண்டிய நிலைக்குப் போய்விடும். சுமார் 800 மீட்டர் ஆழத்துக்குக் கீழே பெரும்பாலான இடங்களில் இப்படித்தான் இருக்கும். அடர்த்தி ஏறும், நிறைய டன் சின்ன இடத்தில் அடங்கும். ஆனாலும் உப்புநீரைவிட லேசு. அதனால் மிதந்து ஏறும். ஏறுகிறதை ஒரு ஷேல் அடுக்கு (களிமண் இறுகிய பாறை) தடுக்க வேண்டும். அதுதான் மூடுபாறை.

அந்த ஷேலில் ஓட்டையே இல்லை என்று நினைக்க வேண்டாம். குடைத் துணியைப் பாருங்கள். நெசவில் இடைவெளி இருக்கிறது, மழைநீர் ஒழுகுவதில்லை. துணி தண்ணீரைப் பிடிக்காமல் இருப்பதும் இடைவெளி சிறியதாக இருப்பதும்தான் காரணம். மூடுபாறையில் இதையே தலைகீழாக வைத்துக்கொள்ளுங்கள். பாறைக்குத் தண்ணீரைப் பிடிக்கும், கார்பன் டை ஆக்சைடைப் பிடிக்காது. அந்தப் பிடிப்பு எவ்வளவு என்பதைத்தான் தம்பியின் சேர்கோணம் சொல்கிறது.

இது காகிதத்தில் மட்டும் இருக்கிற விஷயம் இல்லை. வட கடலில் நார்வேயின் ஸ்லைப்னர் வயலில் 1996-லிருந்து செய்கிறார்கள். அங்கே கிடைக்கும் இயற்கை வாயுவில் 9 சதவீதம் அளவுக்குக் கார்பன் டை ஆக்சைடு கலந்திருந்தது. 1991-ல் நார்வே கார்பன் வரி போட்டது. காற்றில் விட்டு வரி கட்டுவதைவிட, பிரித்தெடுத்துக் கடலடியில் உட்சிரா மணற்கல்லுக்குள் செலுத்துவது லாபமாகப் பட்டது. ஆண்டுக்கு ஏறக்குறைய 10 லட்சம் டன் என்று தொடங்கினார்கள்.

ஆய்வகவாசி

மணற்கல், உன் கேள்விக்கு வருகிறேன். இந்தக் கோணத்தை அளப்பதுதான் என் பிழைப்பு.

உயர் அழுத்தக் கலத்துக்குள் பளபளவென்று தேய்த்த ஒரு குவார்ட்ஸ் துண்டை வைத்து, சுற்றிலும் கார்பன் டை ஆக்சைடு நிரப்பி, ஊசி வழியாக ஒரு சொட்டு உப்புநீர் விட்டுப் படம் பிடிக்கிறோம். பார்க்க எளிது. கோளாறு எல்லாம் அதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் நடக்கிறது. சுத்தம் செய்த குவார்ட்ஸ் துண்டை மேசையில் வைத்துவிட்டு டீ குடித்துவிட்டு வந்தால் போதும், ஆய்வகக் காற்றில் இருக்கிற ஹைட்ரோகார்பன் ஆவி அதன்மேல் படிந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம். கோணம் எங்கேயோ ஏறிப்போகும். சிலர் அசிட்டோனில் துடைத்துவிட்டு அளந்திருப்பார்கள். சிலர் பிளாஸ்மாவிலோ (மின்னூட்டம் ஏற்றிய வாயு), கந்தக அமிலமும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கலந்த கரைசலிலோ சுத்தம் செய்திருப்பார்கள். இரண்டு எண்ணையும் ஒரே வரைபடத்தில் போட்டால் 0-விலிருந்து 80 வரை சிதறாமல் என்ன செய்யும்?

இக்லாவர், பென்ட்லாண்ட், புஷ் மூவரும் 2015-ல் இதைப் பற்றி ஒரு மதிப்பாய்வு எழுதினார்கள். வெளியான எண்களில் இருக்கும் சிதறலுக்கு மேற்பரப்பு மாசு ஒரு முக்கியக் காரணம் என்பது அவர்கள் வாதம். நான் அதை அப்படியே ஏற்கிறேன். கட்டுரையைக் கையில் எடுத்தால் முடிவுகளைப் பார்ப்பதற்கு முன் சுத்தம் செய்த முறை என்ன என்று பார். ஒரு வரியில் முடித்திருந்தால் அந்த எண்ணைத் தள்ளி வை.

வேறு இரண்டு இடங்களிலும் சறுக்குவார்கள். உப்புநீரையும் கார்பன் டை ஆக்சைடையும் முன்கூட்டியே ஒன்றில் ஒன்று கரையவிட்டுச் சமநிலைக்குக் கொண்டுவராமல் அளந்தால், சொட்டு கரைந்து சுருங்கிக்கொண்டே இருக்கும், அதன் கோணமும் நகர்ந்துகொண்டே இருக்கும். அப்புறம், தண்ணீர் முன்னேறும்போது ஒரு கோணம், பின்வாங்கும்போது ஒரு கோணம். இரண்டுக்கும் நடுவே நல்ல வித்தியாசம் இருக்கும். எதை அளந்தார்கள் என்றே சொல்லாத கட்டுரைகள் ஏராளம்.

உன் கணக்குக்கு இந்த இரண்டாவது விஷயம் முக்கியம். மூடுபாறைக்குள் கார்பன் டை ஆக்சைடு நுழைகிறது என்றால் தண்ணீர் பின்வாங்குகிறது. அங்கே போட வேண்டியது பின்வாங்கு கோணம். அது இரண்டில் சிறியது, பாறைக்குச் சாதகமானது. முன்னேறு கோணம் வேறு கணக்குக்கு வேண்டும். செலுத்துவதை நிறுத்திய பிறகு தண்ணீர் திரும்பி வந்து கார்பன் டை ஆக்சைடைத் துண்டு துண்டாகச் சிறைப்பிடிக்கிறதே, அந்தக் கணக்குக்கு.

வளைகுடா முத்து

ஆய்வகவாசி சொன்னதில் எனக்கு ஒரு மறுப்பு உண்டு. பூமிக்குள் இருக்கிற பாறையை யார் பெராக்சைடில் கழுவினார்கள்? நான் வளைகுடாவில் சுண்ணாம்புக்கல் வயல்களில் வேலை பார்த்தவன். பல லட்சம் ஆண்டுகளாக எண்ணெயோடு ஒட்டி உறவாடிய பாறை அது. துளையின் சுவரில் எண்ணெயின் கனமான பகுதிகள் ஒட்டிக்கொண்டு, ஒரு பகுதி தண்ணீரை விரும்பும், ஒரு பகுதி விரும்பாது. கலப்பு நனைதிறன் என்று நாங்கள் தினமும் திட்டிக்கொண்டிருந்த விஷயம். உங்கள் சுத்தமான குவார்ட்ஸ் துண்டு எந்த வயலிலும் கிடையாது.

காலியான எண்ணெய் வயல்களில்தான் கார்பன் டை ஆக்சைடைப் போடலாம் என்கிறார்கள். குழாய் இருக்கிறது, கிணறு இருக்கிறது, தரவு இருக்கிறது. ஆனால் அங்கேதான் பாறை கெட்டுப்போயிருக்கும். லண்டன் இம்பீரியல் கல்லூரியில் அல்-மென்ஹாலியும் கிரெவோரும் 2016-ல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். சுண்ணாம்புக்கல் கோரை (பாறையிலிருந்து துளைத்தெடுத்த உருளைத் துண்டு) கச்சா எண்ணெயில் ஊறவைத்துக் கலப்பு நனைதிறனுக்குக் கொண்டுவந்து, அதில் எவ்வளவு கார்பன் டை ஆக்சைடு சிறைப்படுகிறது என்று அளந்தார்கள். ஊறவைக்காத கோரைவிடக் குறைவாகத்தான் சிறைப்பட்டது.

ஆய்வகவாசி

முத்து சார், மறுக்கவில்லை. எண்ணெயே இல்லாத உப்புநீர் அடுக்கிலும் கொஞ்சம் கரிம அமிலம் இருக்கத்தான் செய்கிறது. ஸ்டியரிக் அமிலம் போன்றவற்றை மிகக் குறைந்த செறிவில் கலந்தாலே குவார்ட்ஸின் கோணம் தெளிவாக உயர்வதைப் பல குழுக்கள் காட்டியிருக்கிறார்கள். என் வாதம் இவ்வளவுதான்: தெரிந்தே, அளவாக, இன்ன அமிலம் என்று சேர்த்து அழுக்காக்கு. காற்றில் வந்து ஒட்டியதை அளந்துவிட்டுப் பாறையின் குணம் என்று சொல்லாதே.

சந்தேகப்பேர்வழி

ஆக மொத்தம் யாருக்கும் எதுவும் தெரியாது. கோணம் 0 என்கிறார் ஒருவர், 80 என்கிறார் ஒருவர். இதை வைத்துக்கொண்டு ஆயிரம் ஆண்டு பத்திரமாக இருக்கும் என்று கம்பெனிகள் கையெழுத்துப் போடுகின்றன. அமெரிக்காவில் டிகேட்டரில் கசிந்ததே, அதைப் பற்றி ஏன் யாரும் பேசவில்லை?

துளைப்பொறி

பேசலாமே. இல்லினாய் மாநிலத்தின் டிகேட்டரில் மவுண்ட் சைமன் மணற்கல்லுக்குள் செலுத்தினார்கள். அங்கே நடந்தது கண்காணிப்புக் கிணற்றின் குழாய் அரிப்பு. அந்த வழியாக ஒரு பகுதி அனுமதித்த அடுக்குக்கு வெளியே போய்விட்டது. 2024-ல் அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை விதிமீறல் நோட்டீஸ் கொடுத்தது. பெரிய தவறு, சந்தேகம் இல்லை. ஆனால் அதில் மூடுபாறையின் சேர்கோணத்துக்கு ஒரு பங்கும் இல்லை. அரித்தது இரும்பு.

தொந்தரவு வந்த மற்ற இடங்களையும் பாருங்கள். அல்ஜீரியாவின் இன் சாலாவில் 2004-லிருந்து 2011 வரை செலுத்தினார்கள். அழுத்தத்தால் தரை ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் உயர்ந்ததைச் செயற்கைக்கோள் காட்டியது, மூடுபாறையின் கீழ்ப்பகுதியில் விரிசல் பற்றிய கவலை வந்தது, நிறுத்தினார்கள். நார்வேயின் ஸ்னோவிட்டில் 2008-ல் தொடங்கினார்கள். டுபோயன் என்கிற அடுக்கில் எதிர்பார்த்ததைவிட வேகமாக அழுத்தம் ஏறியது, 2011-ல் வேறு அடுக்குக்கு மாற்றினார்கள். கிணறு, அழுத்தம், விரிசல். என் பட்டியலில் நனைதிறன் இந்த மூன்றுக்கும் அப்புறம்தான்.

பியோர்ட்

நான் நார்வேயில் இருக்கிறேன். நில அதிர்வுத் தரவு (செயற்கையாக அதிர்வலை விட்டு நிலத்தடியைப் படமெடுப்பது) பார்க்கிற வேலை. ஸ்லைப்னர் பற்றித் துளைப்பொறி பாதிதான் சொன்னார், சுவாரசியமான மீதி இது.

உட்சிரா மணற்கல்லுக்குள்ளேயே சுமார் ஒரு மீட்டர் தடிமனில் மெல்லிய ஷேல் அடுக்குகள் உண்டு. அவற்றுக்கு மேலேதான் தடித்த நோர்ட்லாண்ட் ஷேல், அதுதான் உண்மையான மூடி. செலுத்துவதற்கு முன், 1994-ல், ஒரு நில அதிர்வு அளவீடு எடுத்து வைத்திருந்தார்கள். 1999-ல் மறுபடி எடுத்துப் பார்த்தால் கார்பன் டை ஆக்சைடு ஒன்பது அடுக்குகளாகப் பரவி, மூன்றே ஆண்டில் மேலடுக்கு வரைக்கும் எட்டியிருந்தது. படத்தை முதலில் பார்க்கிறவர்கள் அலறிவிடுவார்கள். ஆனால் தடித்த மூடிக்கு மேலே இன்றுவரை கசிவுக்கான அறிகுறி எதுவும் தெரியவில்லை.

அப்படியானால் நடுவில் இருந்த மெல்லிய ஷேல்களை எப்படித் தாண்டியது? இங்கேதான் மணற்கல்லின் கேள்வி வருகிறது. நோர்ட்லாண்ட் ஷேல் மாதிரியை ஆய்வகத்தில் அளந்தால் நுழைவழுத்தம் மெகாபாஸ்கல் கணக்கில் வருகிறது. ஒவ்வொரு மெல்லிய அடுக்குக்கும் அடியில் சேர்ந்த கார்பன் டை ஆக்சைடோ பத்து மீட்டர் அளவில்தான். அது கொடுக்கிற மிதப்பழுத்தம் சில பத்து கிலோபாஸ்கல். நுழைய வாய்ப்பே இல்லை. ஆனாலும் தாண்டியிருக்கிறது. கவனாவும் ஹேசல்டீனும் 2014-ல் இதை மாதிரி அமைத்துப் பார்த்துவிட்டு, அந்த மெல்லிய ஷேல்களில் ஏற்கெனவே விரிசல் இருந்திருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார்கள். பனியுகப் பனிப்பாறைகள் ஏறி இறங்கியபோது உண்டானது என்பது அவர்கள் விளக்கம். எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள் என்று சொல்ல மாட்டேன்.

இதில் கவனியுங்கள், கோணத்தை 0-விலிருந்து 60-க்கு மாற்றினால் நுழைவழுத்தம் பாதியாகும். பொருந்துவதற்கு வேண்டியிருந்ததோ பல பத்து மடங்கு குறைவு. கோணத்தை எவ்வளவு திருகினாலும், 90-ஐ ஒட்டிக் கொண்டுபோய் நிறுத்தினால் ஒழிய, அந்த இடைவெளி நிரம்பாது.

மணற்கல்

பியோர்ட் அண்ணா, அருமை. அப்படியானால் 90-ஐ ஒட்டிப் போக வாய்ப்பே இல்லையா? மைக்கா பற்றி ஷிக்கே குழுவின் 2007 கட்டுரையில் அழுத்தம் கூடக் கூடக் கோணம் ஏறுகிறது என்று போட்டிருக்கிறதே. ஷேலில் மைக்காவைப் போன்ற களிக்கனிமம்தானே அதிகம்?

ஆய்வகவாசி

நல்ல கேள்வி. அந்தக் கட்டுரையின் விளக்கம் இது: கார்பன் டை ஆக்சைடு கரைந்ததும் உப்புநீரின் பி.எச். 3-ஐ ஒட்டி இறங்கிவிடும். அமிலமானதும் கனிமத்தின் மேற்பரப்பில் இருக்கிற எதிர் மின்னூட்டம் குறையும். பாறைக்கும் கார்பன் டை ஆக்சைடுக்கும் நடுவே ஒரு மெல்லிய தண்ணீர்ப் படலம் நிற்பதற்கு அந்த மின்னூட்டத்தின் விலக்கு விசைதான் துணை. அது போனால் படலம் மெலிந்து நனைதிறன் குறையும். உப்பு அதிகமானாலும், குறிப்பாகக் கால்சியம், மக்னீசியம் அதிகமானாலும் அதே திசையில்தான் போகும். அதனால் மைக்காவில் ஏறுவதை நான் நம்புகிறேன். இடைநிலைக்கு வரலாம்.

ஆனால் ஷேலின் துளை 50 நானோமீட்டருக்கும் கீழே இருக்கும்போது, மைக்காத் தகட்டில் அரை மில்லிமீட்டர் சொட்டை வைத்து அளந்த கோணத்தை அதற்குள் அப்படியே கொண்டுபோய் வைக்கலாமா என்பதில் எனக்கே தயக்கம் உண்டு.

துளைப்பொறி

தகட்டை விட்டுவிட்டுக் கோருக்கு வாருங்கள் என்றுதான் நான் ஆரம்பத்திலிருந்து சொல்ல நினைத்தது. அல்-மென்ஹாலி, நியு, கிரெவோர் 2015-ல் பெரியா மணற்கல் கோரில் பலவித அழுத்தம், வெப்பநிலையில் நுண்புழை அழுத்தத்தை நேரடியாக அளந்தார்கள். இடைமுக இழுவிசையின் மாற்றத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தால் வளைகோடுகள் எல்லாம் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தன. பாறை எல்லா நிலையிலும் தண்ணீரையே பிடித்துக்கொண்டிருந்தது. தகட்டில் தெரிகிற அழுத்த விளைவு கோரில் காணோம்.

காரணம் ஒன்றும் மாயம் இல்லை. துளையின் சுவர் சொரசொரப்பானது, குறுகி விரிந்து போவது. நார்மன் மாரோ 1970-களிலேயே டெஃப்லான் கோர்களில் வேறு வேறு திரவங்களை விட்டுக் காட்டியிருக்கிறார்: கோணம் 50 டிகிரி வரை போனாலும் நனைக்கிற திரவத்தை வெளியேற்றும் வளைகோடு பெரிதாக மாறவில்லை. ஆக உன் சூத்திரத்தில் 60-க்குப் பாதியாகிறது என்பது நேரான வட்டக் குழாய்க்குத்தான் சரி.

வளைகுடா முத்து

பெரியா சுத்தமான மணற்கல், அதில் எல்லாமே அழகாகத்தான் வரும். அந்தக் கோரை வைத்துக்கொண்டு உலகத்துக்கே தீர்ப்பு எழுதாதீர்கள் என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

மூடுபாறையைப் பற்றி மட்டும் நீங்கள் பேசுவதும் சரியில்லை. நனைதிறன் உண்மையில் பல்லைக் காட்டுவது கீழே, கார்பன் டை ஆக்சைடைச் செலுத்தி வைக்கிற தேக்கப் பாறையில். தண்ணீர் திரும்பி வரும்போது துளையின் மூலைகளில் படர்ந்து வீங்கி, கழுத்தில் கார்பன் டை ஆக்சைடை நறுக்கிவிடும். நறுக்கப்பட்ட துண்டு அங்கேயே கிடக்கும், மூடி இருந்தாலும் இல்லாவிட்டாலும். பாறைக்குத் தண்ணீரைப் பிடிக்கவில்லை என்றால் மூலையில் படரும் நீரும் இல்லை, நறுக்கலும் இல்லை. பெரிய சேமிப்புத் திட்டத்தில் அகலத்துக்கு நகர்ந்துபோகிற கார்பன் டை ஆக்சைடை நிறுத்துவது இந்தச் சிறைப்பிடிப்புதான். இங்கே கோணத்தில் ஏமாந்தால் கார்பன் டை ஆக்சைடு எவ்வளவு தூரம் போகும் என்ற கணக்கே தவறிவிடும்.

பியோர்ட்

இதில் முத்து சார் பக்கம் நான். ஆனால் இதை வயலிலேயே அளக்கலாம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆஸ்திரேலியாவின் ஆட்வேயில் 2011-ல் 1400 மீட்டர் ஆழத்தில் 150 டன் கார்பன் டை ஆக்சைடை மட்டும் செலுத்தி, பிறகு தண்ணீரை விட்டு விரட்டி, எவ்வளவு மிஞ்சிச் சிக்கிக்கொள்கிறது என்று பல முறைகளில் ஒரே கிணற்றில் சோதித்தார்கள். தகடு, கோர் இரண்டையும்விட எனக்கு அந்த வகை எண்மேல் மரியாதை அதிகம்.

மணற்கல், படம் வேண்டுமென்றால் ஆண்ட்ரூ, பிஜெலிக், பிளன்ட் 2014-ல் கெட்டன் சுண்ணாம்புக்கல்லுக்குள் எக்ஸ்ரே நுண் டோமோகிராபி (உட்புறத்தை முப்பரிமாணமாகக் காட்டும் ஸ்கேன்) எடுத்து, துளைக்குள்ளேயே கோணத்தை அளந்ததைத் தேடிப் பார். ஒரே பாறைக்குள் ஒரே எண் வரவில்லை, சராசரி 45 டிகிரியைச் சுற்றி ஒரு பரவல் வந்தது. செமினாரில் போட அதைவிட நல்ல படம் இல்லை.

கடலோடி

பாதி புரிந்தது, மீதியை நாளைக்குப் படிக்கிறேன். ஐஸ்லாந்தில் கரியமில வாயுவைக் கல்லாக்குகிறார்கள் என்று படித்தேனே, அங்கேயும் இந்தக் கோணத் தொல்லை உண்டா?

துளைப்பொறி

கார்ப்ஃபிக்ஸ் திட்டத்தைச் சொல்கிறீர்கள். அங்கே 2012-ல் செலுத்தியதில் 95 சதவீதத்துக்கும் மேல் இரண்டே ஆண்டில் கார்பனேட் கனிமமாகிவிட்டது என்று 2016-ல் அறிவித்தார்கள். அவர்கள் தண்ணீரில் கரைத்து அனுப்புகிறார்கள். கரைந்த பிறகு தனிக் குமிழே இல்லை, மிதப்பும் இல்லை, கோணமும் இல்லை. விலை என்னவென்றால் ஒரு டன்னுக்குச் சுமார் 25 டன் தண்ணீர். அமெரிக்காவில் வலூலாவில் 2013-ல் சுமார் 1000 டன்னைக் கரைக்காமல் அப்படியே பசால்ட் என்ற எரிமலைப் பாறைக்குள் விட்டார்கள். அந்த முறையில் பசால்ட்டின் நனைதிறனும் கணக்கில் வரும். தக்காணப் பசால்ட்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் எந்த முறையை மனதில் வைத்துப் பேசுகிறார்கள் என்று முதலில் கேளுங்கள். தண்ணீர் எங்கிருந்து வரும் என்ற கேள்வி உடனே எழும்.

மணற்கல்

எல்லோருக்கும் நன்றி. எங்கள் துறையில் பாதரச நுழைவுச் சோதனை (துளைக்குள் பாதரசம் நுழைய எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்று அளப்பது) எண்கள் இருக்கின்றன. ஒரு ஷேலுக்கு 15 மெகாபாஸ்கல். பாதரசத்துக்கு இழுவிசை மீட்டருக்கு 480 மில்லிநியூட்டன், கோணம் 140 டிகிரி என்று வைத்து மாற்றினால் கார்பன் டை ஆக்சைடுக்கு, கோணம் 0 என்றால், 1.1 மெகாபாஸ்கல் வருகிறது. இதைப் போடலாமா? இல்லை, கோரிலேயே நேரடியாக அளக்கச் சொல்வீர்களா? இருக்கிற கோர் பல வருடமாக அட்டைப்பெட்டியில் கிடக்கிறது.

ஆய்வகவாசி

மாற்றிய எண்ணைப் போடு, ஆனால் கோணம் 0, 40, 60 மூன்றுக்கும் போடு. பாதரசச் சோதனைக்கு ஷேலை உலர்த்தியிருப்பார்கள், களி சுருங்கித் துளை மாறியிருக்கும், அதையும் ஒரு வரி எழுதிவிடு. அட்டைப்பெட்டிக் கோரை அப்படியே சோதனையில் மாட்டாதே. ஈரத்தோடு மெழுகில் பொதிந்து வைக்காத ஷேல் இத்தனை வருடத்தில் வெடித்திருக்கும். முதலில் ஒரு சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்.

மணற்கல்

ஸ்கேனுக்கு வரிசையில் பெயர் கொடுத்திருக்கிறேன். விரிசல் தெரிந்தால்?

ஆய்வகவாசி

ஷேலை விட்டுவிட்டு மணற்கல்லில் சிறைப்பிடிப்பை அளந்துவிடு. முத்து சார் சந்தோஷப்படுவார்.

வளைகுடா முத்து

எண்ணெயில் ஊறவைத்து அளந்தால் மட்டும்.